கட்டைக்கரி ஒப்பீடு: மரத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

கிரில்லுக்குக் கட்டைக்கரி வாங்கும் பெரும்பாலோர் பையில் முதலில் தேடுவது மரத்தின் பெயரைத்தான். ஓக், மெஸ்கீட், கெப்ராச்சோ என்று அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதும் அதனால்தான். ஆனால் தணல் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் மரத்துக்கு மூன்றாவது இடம்தான். முதல் இடம், கரி மூட்டத்தில், அதாவது மரத்தை மூடிச் சுட்டுக் கரியாக்கும் இடத்தில், எவ்வளவு முழுசாக வெந்தது என்பதற்கு. அடுத்தது துண்டின் அளவு. அரைவேக்காட்டு ஓக்கைவிட நன்றாக வெந்த சவுக்கு எப்போதும் மேல். பாதிப் பை தூளாக வரும் உயர்ந்த ரகத்தைவிட, சீரான துண்டுகளாக வரும் சாதாரண ரகம் மேல். கீழே உள்ள ஒப்பீடும் இந்த வரிசையில்தான் போகிறது.

இங்கே பேசுவது, மரத்துண்டு அப்படியே கரியான கட்டைக்கரியைப் பற்றி. கரித்தூளில் மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்திய பிரிக்கெட் வேறு சரக்கு. தேவைப்படும் இடத்தில் மட்டும் அது வரும்.

வேக்காடுதான் எல்லாம்

காற்று அதிகம் புகாமல் மூடிச் சுடும்போது மரத்திலிருந்து முதலில் ஈரம் போகிறது. சூடு 280 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதைந்து புகை, தார், எரியக்கூடிய வாயுக்கள் எல்லாம் வெளியேறத் தொடங்கும். 400 டிகிரியில் மூட்டத்தை அணைத்துவிட்டால் கரியில் இந்த ஆவிப்பொருள்கள் கால் பங்குக்கு மேலேயே தங்கியிருக்கும். 500, 600 டிகிரி வரை விட்டால் அவை பெருமளவு போய், கார்பன் 80 சதவீதத்துக்கு மேல் ஏறும்.

அப்படியானால் எல்லாரும் ஏன் 600 டிகிரி வரை விடுவதில்லை? எடைதான் காரணம். நூறு கிலோ காய்ந்த மரத்திலிருந்து இருபது முதல் முப்பது கிலோ கரிதான் கிடைக்கும். மூட்டத்தைச் சீக்கிரம் பிரித்தால் எடை கூடுதலாக நிற்கும், விற்கிறவருக்கு லாபம். அந்தக் கூடுதல் எடை முழுவதும் உங்கள் கிரில்லில் புகையாக எழும். வெள்ளைப் புகை நீண்ட நேரம் அடங்காமல், கண்ணை எரித்து, சுடுகிற பொருளில் ஒருவிதக் கசப்பை ஏற்றுகிறதென்றால் பழி மரத்தின் மேல் இல்லை, வேக்காட்டின் மேல்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். நன்றாக வெந்து நன்றாகக் காய்ந்த கரி கணீரென்று, பீங்கான் ஓடு போல ஒலிக்கும். அரைவேக்காடும் ஈரக்கரியும் ‘டொக்’ என்று மந்தமாக ஒலிக்கும். பிறகு ஒரு துண்டை உடைத்து உள்பக்கம் பாருங்கள். முறிந்த இடம் மினுமினுப்பான கறுப்பாக, மரத்தின் ரேகைகள் தெளிவாகத் தெரிய இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அங்கே இன்னும் மரம் இருக்கிறது என்று பொருள். ஒரு பையில் இப்படி ஒன்றிரண்டு வருவது சகஜம். அவற்றைப் பொறுக்கித் தனியே வைத்து, வெறும் தீ மூட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்று அப்படி வந்தால் அந்த ரகத்தை மறுபடி வாங்காதீர்கள்.

அடுப்புக் கரிக்கான ஐரோப்பியத் தரநிர்ணயமான இஎன் 1860-2 ஒரு நல்ல அளவுகோல். அதன்படி கட்டைக்கரியில் நிலைக்கார்பன், அதாவது ஆவிப்பொருளும் சாம்பலும் ஈரமும் போக நிற்கும் கார்பன், குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். சாம்பல் 8 சதவீதத்தையும் ஈரம் 8 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பிரிக்கெட்டுக்கு அதே தரநிர்ணயம் 60 சதவீதக் கார்பனையும் 18 சதவீதம் வரை சாம்பலையும் அனுமதிக்கிறது. கட்டைக்கரிக்கும் பிரிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். பையில் இந்த எண் அச்சிடப்பட்டிருந்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற வாசகத்துக்கு மதிப்பு எதுவும் இல்லை. கட்டைக்கரி எல்லாமே மரத்திலிருந்து வந்ததுதான்.

துண்டின் அளவு

கரி எரிவது மேற்பரப்பில். ஒரே எடையை எத்தனை துண்டாக உடைக்கிறோமோ அத்தனைக்கு மேற்பரப்பு கூடும், எரியும் வேகமும் கூடும். அதே நேரம் துண்டுகளுக்கு இடையே காற்றுப் போக வழி இருக்க வேண்டும். தூளாகிவிட்டால் மேற்பரப்பு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை, காற்று அடைத்துக்கொண்டு தணல் மூச்சுத் திணறும். ‘நல்ல கரி, ஆனால் சூடே ஏறவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை பையின் அடியில் கிடந்த தூளையும் சேர்த்துக் கொட்டியதால் வருபவை.

பெரும்பாலான கிரில்களுக்கு நான்கு முதல் எட்டு சென்டிமீட்டர் துண்டுதான் உழைக்கும் அளவு. பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டைகளைப் பெருமையாகப் படம் போட்டு விற்கிறார்கள். மண்பானை வடிவ கமாடோவில் பல மணி நேரம் மெதுவாக வேக வைக்க அவை அருமையானவை. உருண்டை மூடியுள்ள கெட்டில் கிரில்லில் அவற்றால் தொல்லைதான்: ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே கையகல இடைவெளி விழும், அந்த இடத்தில் கம்பி சூடாகாது. பெரிய கட்டை கிடைத்தால் ரேகை ஓடும் திசையில் சுத்தியலின் விளிம்பால் ஒரு தட்டு தட்டுங்கள். நன்றாக வெந்த கரி நீளவாக்கில் பிளந்துகொள்ளும். குறுக்கே அடித்தால் நொறுங்கித் தூளாகும்.

பையைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சலிப்பது. இரண்டு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை போதும். மேலே நிற்பதில் பெரியதும் நடுத்தரமும் தனித்தனியாக இரண்டு வாளிகளுக்குப் போகட்டும். வலைக்குக் கீழே விழும் சில்லுகளையும் வீச வேண்டாம். விரற்கடை அளவுள்ளவை சிம்னியில், அதாவது கரியைப் பற்ற வைக்கும் உலோகக் குழாயில், நெருப்புப் பிடிக்க மேலே ஒரு கைப்பிடி போட உதவும். வெறும் தூளை மட்டும் ஒதுக்குங்கள். மேலே சொன்ன தரநிர்ணயம், பையின் எடையில் குறைந்தது 80 சதவீதம் 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டாக இருக்க வேண்டும் என்கிறது. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூளுக்கு 7 சதவீதம் எல்லை. பத்துக் கிலோ பையில் 700 கிராமுக்கு மேல் தூள் என்றால் அது தேறாத பை.

தூளுக்குத் தயாரித்தவர் மட்டும் காரணமில்லை. மூட்டையைத் தூக்கிப் போட்டு ஏற்றி இறக்குவதிலும் நிறைய உடைகிறது. ஒரே பெயரில் ஒரு பை நன்றாகவும் அடுத்த பை மோசமாகவும் இருப்பது இதனால்தான். பையைக் கையில் எடுத்ததும் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். மணல் போல நெகிழ்ந்தால் வேறு பை எடுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு பைகளில் சிறியதாகத் தெரியும் பையில் இருப்பது அடர்த்தியான கரி. ஈரம் ஏறிய கரியும் அப்படித்தான் தெரியும் என்பதால், ஒலியையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துண்டுகள் எல்லாம் செதுக்கியது போல நேர் விளிம்போடு, தட்டைப் பட்டையாக இருந்தால் அது மரச்சாமான் பட்டறை, தரைப்பலகை ஆலைகளின் கழிவிலிருந்து வந்த கரி. வெறும் மரக்கழிவாக இருந்தால் குற்றமில்லை. சீக்கிரம் பற்றி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். அதில் அடுக்கடுக்காகப் பிரியும் ஒட்டுப்பலகைத் துண்டோ ஆணியோ பிளாஸ்டிக் நாரோ தென்பட்டால் அந்தப் பையைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். பசையும் பூச்சும் கலந்த மரத்தின் புகை உணவில் படக் கூடாது.

இப்போது மரத்துக்கு வருவோம்

முதலில் ஒரு கணக்கு. காய்ந்த கரி எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஒரு கிலோவில் உள்ள வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான்: 28 முதல் 33 மெகாஜூல். ‘இந்த மரக்கரி அந்த மரக்கரியைவிட இரண்டு மடங்கு சூடு’ என்ற பேச்சுக்கு எடைக் கணக்கில் இடமில்லை. வித்தியாசம், அந்த வெப்பத்தை எவ்வளவு வேகத்தில் விடுகிறது, ஒரு சிம்னிக் கொள்ளளவில் எவ்வளவு எடை அடங்குகிறது என்பதில் இருக்கிறது. வைரம் பாய்ந்த மரம் அடர்த்தியான கரியைத் தரும். அது தாமதமாகப் பற்றும், நின்று எரியும். நொய்ந்த மரத்தின் கரி சடாரென்று பற்றி சடாரென்று அடங்கும்.

ஓக், ஹிக்கரி, மேப்பிள் கலந்த கரிதான் எல்லா வேலைக்கும் ஒத்துவருவது. அமெரிக்காவின் மிசௌரியில் தயாராகும் ராக்வுட் என்ற பிராண்டு இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிம்னியில் பத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் தயாராகும், பொறி குறைவு, சாம்பல் குறைவு. காற்றுத் துவாரத்தைத் திருகினால் சொன்னபடி கேட்கும். புதிதாகக் கட்டைக்கரிக்கு வருகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். மற்ற வகைகளைவிடச் சற்று சீக்கிரம் தீரும் என்பது குறைதான். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நேரடிச் சூட்டுக்கு நடுவில் ஒரு முறை கரி சேர்க்க வேண்டிவரும்.

கெப்ராச்சோ தென் அமெரிக்காவின் சாக்கோ சமவெளிக் காடுகளின் மரம், அர்ஜென்டினாவிலிருந்தும் பராகுவேயிலிருந்தும் வருகிறது. சிவப்பு வகை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். கரிப் பைகளில் வெள்ளை வகையும் நிறைய வருகிறது. ஜெலஸ் டெவில் என்ற பிராண்டின் பையில் இருப்பது பராகுவேயின் வெள்ளைக் கெப்ராச்சோ. இந்தக் கரியின் பலம் நின்று எரிவது. கமாடோவில் இரவு முழுக்க 110 டிகிரியில் பிடித்து வைக்க இதைவிடத் தோதான கரி குறைவு. பலவீனம் தொடக்கத்தில் இருக்கிறது: பற்ற இருபது நிமிடமாவது ஆகும், அந்த இருபது நிமிடமும் பொறி பறக்கும். சிறிய கிரில்லில் அரை மணி நேர வேலைக்கு இதை வாங்குவது வீண். கரி முழுச் சூட்டுக்கு வருவதற்குள் சமையலே முடிந்துவிடும்.

மெஸ்கீட் கரிக்குப் பேர் அதிகம், பொறியும் அதிகம். வட அமெரிக்க மெஸ்கீட்டும் நாம் சீமைக் கருவேலம் என்று சொல்லும் மரமும் நெருங்கிய உறவுகள், கரியின் குணமும் கிட்டத்தட்ட ஒன்றே: அடர்த்தி, கடுஞ்சூடு, வெடிப்பு. அதிக சூட்டில் சில நிமிடங்கள் மட்டும் சுட்டு எடுக்கும் வேலைக்கு இது பிரமாதம். மூடி வைத்து நிதானமாக வேக வைப்பதற்கு ஓக்கின் அடக்கம் இதில் இல்லை. மரப்பட்டை ஒட்டிய துண்டுகள் இதில் நிறைய வரும். பட்டைதான் சாம்பலையும் பொறியையும் கூட்டுவது. முடிந்தவரை பட்டையைத் தட்டி உதிர்த்துவிட்டுப் போடுங்கள்.

மராபு கரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், அதற்குத் தகுதியான சரக்கு. விடத்தலை என்று தமிழில் வழங்கும் முள்மரம்தான் இது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இயல்பாக வளர்வது. கியூபாவுக்குள் நுழைந்து விளைநிலங்களை அடைத்துக்கொண்ட பிறகு அதை வெட்டிக் கரியாக்கத் தொடங்கினார்கள். 2017இல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சட்டப்படி ஏற்றுமதியான முதல் சரக்கும் இந்தக் கரிதான். நமீபியாவிலும் புல்வெளிகளை விழுங்கும் முட்புதர்களை வெட்டிக் கரியாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். வெட்ட வேண்டிய மரத்தையே வெட்டி எரிக்கிறோம் என்பது இந்த இரண்டு வகைக்கும் பெரிய நியாயம். குணத்திலும் குறையில்லை. மராபு அடர்த்தியான மரம். துண்டுகள் பெரும்பாலும் உருண்டையான கிளைகள், கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை. உருண்டைகள் தாமாகவே நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் கெட்டில் கிரில்லில் தணல் சமமாகப் பரவும். கெப்ராச்சோவைவிடச் சீக்கிரம் பற்றும், ஓக்கைவிட நின்று எரியும். கெட்டில் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு கரியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், சீரான துண்டுகளாக வரும் பட்சத்தில், எங்கள் தேர்வு இதுதான்.

சவுக்குக் கரி மராபுக்கு அடுத்த இடத்தில் நிற்கத் தகுதியானது. மரம் நேராக வளர்வதால் துண்டுகள் ஒரே சீராக இருக்கும், கனமாகவும் இருக்கும். வேக்காடு சரியாக இருந்தால் பொறி குறைவு. சிக்கல் என்னவென்றால் இது பெரும்பாலும் தரமுத்திரை இல்லாத சாக்குகளில் வருகிறது, வேக்காடு சாக்குக்குச் சாக்கு மாறும். தட்டிப் பார்த்து வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கொட்டாங்குச்சிக் கரி தூய்மையான கரி. புகை மிகக் குறைவு, சாம்பல் குறைவு, சூடு கடுமை. ஆனால் ஓடு மெல்லியது என்பதால் உதிரிச் சில்லாகப் போட்டால் விறுவிறுவென்று தீர்ந்துவிடும். சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து காற்றையும் அடைக்கும். இதைத் தனியாகப் போடாமல், மரக்கரித் தணலின் மேல் ஒரு கைப்பிடி தூவிக் கடைசி இரண்டு நிமிடத்துக்குச் சூட்டை ஏற்றப் பயன்படுத்துவதே சரி. நீண்ட நேரம் வேண்டுமென்றால் அதே ஓட்டுக்கரியை அழுத்திச் செய்த கட்டிகள் இருக்கின்றன. அவை நிதானமாக, ஏறக்குறைய புகையே இல்லாமல் எரியும்.

பின்சோட்டான் தனி உலகம். ஜப்பானின் வாகாயாமா பகுதியில் உபாமே ஓக்கிலிருந்து செய்யும் வெள்ளைக்கரி இது. சூளையில் பல நாட்கள் மெதுவாகக் கரியாக்கி, கடைசியில் காற்றைத் திறந்துவிட்டு 1000 டிகிரியை ஒட்டி ஏற்றுவார்கள். பிறகு கனன்றுகொண்டிருக்கும் கட்டையை வெளியே இழுத்து, மண்ணும் சாம்பலும் கலந்த ஈரப்பொடியால் மூடி அணைப்பார்கள். அந்தப் பொடி ஒட்டிய வெண்மைதான் வெள்ளைக்கரி என்ற பெயருக்குக் காரணம். கார்பன் 90 சதவீதத்துக்கு மேல். தட்டினால் உலோகம் போல ஒலிக்கும், கையில் கரி ஒட்டாது. பற்ற வைக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாதாரணக் கரித்தணலின் மேலோ வலுவான எரிவாயுச் சுடரின் மேலோதான் பற்றும். சடாரென்று சூடேற்றினால் வெடித்துச் சிதறும், அதனால் முதல் பத்து நிமிடம் தணலின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பிறகு நடுவுக்குத் தள்ள வேண்டும். ஒரு முறை கனன்றுவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் சுடரோ புகையோ இல்லாமல் ஒரே நிதானத்தில் நிற்கும். கம்பியில் கோத்ததைத் தணலுக்கு மிக அருகே வைத்து வாட்டும் குறுகலான பெட்டிக் கிரில்லுக்கு இதற்கு இணை இல்லை. அகலமான கெட்டிலில் பரப்பிப் போட்டால் துண்டுகள் பிரிந்து கிடந்து மங்கிவிடும். அதற்குச் செலவு செய்யாதீர்கள். இதே நிதானம் எளிதாக வேண்டுமென்றால் மரத்தூளை அழுத்தி நடுவில் துளையோடு செய்த அச்சுக்கரி இருக்கிறது. துளை வழியே காற்றுப் போவதால் இதைப் பற்ற வைப்பதும் சுலபம்.

சுவை விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுவோம். முழுசாக வெந்த கரியில் மரத்தின் மணம் ஏறக்குறைய மிச்சமில்லை. மணத்தைத் தரும் பொருள்கள் மூட்டத்திலேயே புகையாகப் போய்விட்டன. கிரில் மணம் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி, கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி ஆவியாகி மேலே படிவதால் வருவது. மரமணம் வேண்டுமென்றால் காய்ந்த மரக்கட்டை ஒன்றை, முஷ்டியளவில், தணலின் மேல் வையுங்கள். கரியை மாற்றி அந்த மணத்தைத் தேடுவதில் பயனில்லை.

இரண்டு பைகளை நீங்களே ஒப்பிடுவது எப்படி

ஒப்பிடும்போது கொள்ளளவால் அளக்காதீர்கள், எடையால் அளங்கள். ஒரு சிம்னி நிறைய நொய்ந்த கரியும் ஒரு சிம்னி நிறைய கெப்ராச்சோவும் வெவ்வேறு எடை. அந்த ஒப்பீடு எதையும் காட்டாது. இரண்டு பையிலிருந்தும் நான்கு முதல் எட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக ஒரு கிலோ நிறுத்து எடுங்கள். ஒரே கிரில்லில், காற்றில்லாத நாட்களில், ஒன்று முடிந்து முழுக்க ஆறிய பிறகு மற்றது. சிம்னியின் அடியில் தீ மூட்டும் மெழுகுக் கட்டி ஒரே அளவு. மேல் துண்டுகளின் ஓரம் நீறு பூக்கும் வரை ஆன நேரத்தைக் குறியுங்கள். கொட்டிப் பரப்பி, மேலும் கீழும் துவாரங்களை முழுக்கத் திறந்து மூடியைப் போட்டு, கம்பி மட்டத்தில் வெப்பமானியை வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வாருங்கள். 200 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் சமைக்கிறவருக்கு உதவும் எண். உச்ச வெப்பம் அவ்வளவாக உதவாது, துவாரத்தைத் திறந்தால் எந்தக் கரியும் கொதிக்கும்.

ஈரத்தை அறிய ஒரு கிலோவை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி நிறுங்கள். 80 கிராமுக்கு மேல் குறைந்தால் தண்ணீரை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். எரிந்து முடிந்து ஒரு நாள் கழித்துச் சாம்பலை நிறுத்தால் ஒரு கிலோவுக்கு 20 முதல் 40 கிராம் வரை நல்ல கரி. 80ஐத் தாண்டினால் மண்ணோ பட்டையோ நிறைய கலந்திருக்கிறது. சாம்பலில் கல் தென்பட்டால் அதையும் எடையில் சேர்த்தே பாருங்கள். கரியின் விலைக்குத்தான் அதையும் வாங்கினீர்கள்.

பற்ற வைப்பதில் எங்கே தவறுகிறது

வழக்கமான பெரிய சிம்னியில் கட்டைக்கரி ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ வரை பிடிக்கும், அடர்த்தி கூடிய ரகம் ஒன்றரை கிலோ வரை. அடியில் நடுத்தரத் துண்டுகள், நடுவில் பெரியவை, மேலே சில்லுகள். பெரிய கட்டைகளை அடியில் போட்டால் சுடர் இடைவெளியில் நழுவி மேலே போய்விடும், கட்டை பற்றாது. மெழுகுக் கட்டி இல்லையென்றால் இரண்டு தாள் செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி, சமையல் எண்ணெய் ஒரு கரண்டி தெளித்து அடியில் வையுங்கள். வெறும் தாளைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக நின்று எரியும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ எந்தக் கட்டத்திலும் கூடாது. ஏற்கெனவே கனலும் தணலில் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. ஆவி சட்டென்று தீப்பிடித்துக் கையிலிருக்கும் பாட்டில் வரை தாவும்.

தொடக்கத்தில் வரும் வெள்ளைப் புகை அடங்கி, மேல் துண்டுகளின் விளிம்பில் சாம்பல் நிறம் படர்ந்ததும் கொட்டிவிடலாம். பிரிக்கெட்டைப் போல எல்லாம் வெள்ளையாகும் வரை காத்திருந்தால் கட்டைக்கரியில் கால் பங்கு சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடுவோம். கொட்டியபின் உள்ளங்கையைக் கம்பிக்கு மேல் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியவில்லையென்றால் கடுஞ்சூடு. நான்கைந்து விநாடி நடுத்தரம். எட்டிலிருந்து பத்து வரை தாங்கினால் மிதம்.

பொறி பறப்பதற்குக் காரணம், துளைகளில் சிக்கிய ஈரமும் வாயுவும் சட்டென்று விரிவது. காய்ந்த கரி, மெதுவான சூடு என்ற இரண்டும் இருந்தால் பாதி அடங்கும். மெஸ்கீட்டையும் கெப்ராச்சோவையும் முதல் பத்து நிமிடம் விசிறாதீர்கள், ஊதுகுழலோ சூட்டுக்காற்றுத் துப்பாக்கியோ காட்டாதீர்கள். சமையல் நடுவே பற்ற வைக்காத கரியை நேராகத் தணலில் போடாமல், தனிச் சிம்னியில் கனிய வைத்துச் சேருங்கள்.

கமாடோவில் நடு இரவில் தணல் அணைந்துபோவது இன்னொரு பொதுவான புகார். பழைய சாம்பலும் சில்லுகளும் அடித்தட்டின் துளைகளை அடைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் மிச்சக் கரியைக் கிளறிச் சாம்பலை உதிர்த்து, துளைகளின் மேல் பெரிய கட்டைகளைக் கையால் அடுக்கி, அதன் மேல் நடுத்தரத்தைக் கொட்டுங்கள். உச்சியில் ஒரே இடத்தில் மட்டும் பற்ற வையுங்கள். மூன்று இடங்களில் பற்ற வைத்தால் 110இல் நிறுத்த நினைத்தது 180க்குப் போய்விடும்; கனமான பீங்கான் சுவர் சூடேறிவிட்டால் இறக்க ஒரு மணி நேரம் ஆகும். துவாரங்களைக் குறுக்கி வைத்திருந்த மூடியைத் திறக்கும்போது முதலில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சில விநாடி நிறுத்துங்கள். பட்டென்று தூக்கினால் உள்ளே தேங்கிய வாயு ஆக்சிஜனைக் கண்டதும் குப்பென்று முகத்துக்கு எழும்பும்.

கூரையும் சுவரும் சூழ்ந்த இடத்தில், அதாவது வாகனக் கொட்டகை, கூடாரம், மூடிய வராந்தா எதிலும் கரி மூட்டக் கூடாது. புகையே தெரியாத நல்ல தணல்தான் இதில் ஏமாற்றுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மிச்சக் கரி

கட்டைக்கரியின் பெரிய அனுகூலம் மறுபடி பயன்படுவது. வேலை முடிந்ததும் மேல் கீழ்த் துவாரங்களை முழுக்க மூடிவிட்டால் காற்றில்லாமல் தணல் தானே அணையும். தண்ணீர் ஊற்றாதீர்கள்: கொதிநீராவி கையைச் சுடும், சூடான பீங்கான் விரிசல் விடும், நனைந்த கரி அடுத்த முறை வெடிக்கும். ஆறிய துண்டுகளைச் சலித்து, அடுத்த முறை புதிய கரியோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ஒரு முறை கனன்ற கரி சீக்கிரம் பற்றும் என்பதால் சிம்னியின் அடியில் போடுவது நல்லது. முழுக்க மிச்சக் கரியை மட்டுமே நம்பி நீண்ட நேரச் சமையலைத் தொடங்காதீர்கள். துண்டுகள் சிறுத்துப் போயிருக்கும், பாதியில் கைவிடும்.

புதிய பையைத் திறந்தபின் காகிதப் பையிலேயே வைத்தால் கரி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியுள்ள உலோக டப்பாவுக்கோ பிளாஸ்டிக் டிரம்முக்கோ மாற்றிவிடுங்கள். ஒரு முறை மூட்டிய கரியை மட்டும் உலோக டப்பாவில்தான் வைக்க வேண்டும், அதுவும் 24 மணி நேரம் கழித்து. வெளியே ஆறியது போலத் தெரியும் துண்டின் நடுவில் கங்கு உயிரோடு இருக்கும். சாம்பலைக் குப்பையில் கொட்ட 48 மணி நேரமாவது பொறுங்கள்.